வீடியோ கேமில் பெண்மை: டெல்டா மாணவர்களுக்கு ஓர் ஆய்வு வழிகாட்டி

கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். முதுகலை புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும் நேரம் வந்தால், "மேடம், கேம்ல பொண்ணுங்கள எப்படிக் காட்டுறாங்கன்னு பண்ணலாமா?" என்று ஒருவராவது வந்து நிற்பார். தாராளமாகப் பண்ணலாம். ஆனால் வருகிறவர்களில் பலர் முடிவையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். பெண்களை அரைகுறை உடையில் காட்டுகிறார்கள், அதைத்தான் நிரூபிக்கப் போகிறோம் என்கிறார்கள்.

அதை மற்றவர்கள் கணக்கெடுத்து வெகுநாள் ஆகிவிட்டது. டிரேசி டீட்ஸ் என்ற ஆய்வாளர் 33 நின்டெண்டோ, சேகா கேம்களை ஆராய்ந்து 1998-இல் முடிவுகளை வெளியிட்டார். கதாபாத்திரங்கள் உள்ள கேம்களில் 41 சதவீதத்தில் பெண்ணே இல்லை. 28 சதவீதத்தில் பெண் வெறும் பாலியல் பண்டம். அதையே திரும்ப எண்ணிப் பட்டம் வாங்கலாம், புதிதாக எதுவும் தெரிய வராது. இதுவரை சரியாக யாரும் பார்க்காதது நம்மூர் விஷயம். பாபநாசத்திலும் மன்னார்குடியிலும் திருவையாற்றிலும் ஒரு பிள்ளை போனில் பெண் உருவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன நடக்கிறது? இந்தக் கட்டுரை அந்தத் திசையில் வேலை செய்ய நினைப்பவர்களுக்கு.

முதலில் சொற்கள்

பால், பாலினம், பாலின அடையாளம், பெண்மை ஆகிய நாலும் வேறு வேறு. பிறந்தபோது உடலைப் பார்த்துக் குறிப்பது பால். ஆண் இப்படி, பெண் இப்படி என்று சமூகம் வகுத்து வைத்திருப்பது பாலினம். ஒருவர் தன்னை யாராக உணர்கிறார் என்பது பாலின அடையாளம். பெண்ணுக்குரியவை என்று ஒரு சமூகம் கருதும் நடை, உடை, பேச்சு, குணம் எல்லாம் சேர்ந்தது பெண்மை. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நம்மிடம் அதற்கு ஒரு பழைய பட்டியலே உண்டு. பெண்மை பெண்ணிடம்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இதை விளங்கிக்கொள்ளப் புத்தகம் தேடி அலைய வேண்டாம், மெலட்டூருக்குப் போங்கள். நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவார்கள். புடவைக் கொசுவம் விழுகிற விதம், கழுத்தைத் திருப்புவது, கண்ணைத் தாழ்த்துவது எல்லாவற்றையும் பல வருஷம் பழகி வருகிறார்கள். மேடையில் இருப்பது பெண்மை, ஆடி முடித்து வீட்டுக்குப் போகிறவர் ஆண். அப்புறம் நர்த்தகி நடராஜை எண்ணிப் பாருங்கள். மதுரையில் பிறந்த அவர் தஞ்சை நால்வர் வழிவந்த கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்றார், 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் திருநங்கை. அவருடைய பெண்மை மேடையோடு கழற்றி வைப்பது அல்ல, அதுதான் அவர். முன்னது வேடம், பின்னது அடையாளம்.

கேமில் ஒரு பையன் பெண் உருவத்தை எடுத்து ஆடுகிறான் என்றால் அது வேடமா, அடையாளமா, அல்லது அந்த உடுப்பின் நிறம் பிடித்ததால் எடுத்ததா? மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். பார்ப்பதற்கு முன்னாலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

கலைச்சொல்லுக்குத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியல் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவை ஒட்டி வந்தது. திருநங்கை, திருநம்பி, ஊடுபால் (இன்டர்செக்ஸ்), பால்புதுமையர் (குயர்) போன்ற சொற்களை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். கேலிச் சொற்கள் எதுவும் ஆய்வேட்டில் உங்கள் வாக்கியமாக வரக் கூடாது. கேமுக்குள் யாராவது சொன்னால் மேற்கோளாக மட்டும் வரலாம்.

கேள்வியைச் சுருக்குங்கள்

"வீடியோ கேம்களில் பெண்மை" என்பது மேட்டூரில் திறந்துவிட்ட மொத்தத் தண்ணீர். உங்களுக்கு வேண்டியது ஒரு மடை. ஒரு கேம், ஒரு இடம், ஒரு செயல் என்று குறுக்குங்கள். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்பது போனில் அணியாகச் சேர்ந்து ஆடும் சுடும் கேம். "ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடும் பதினெட்டு வயது தாண்டிய பெண்கள் எப்போது மைக்கை அணைக்கிறார்கள்?" என்பது நல்ல கேள்வி. நாலு மாதத்தில் முடிக்கலாம், விடை என்னவென்று எனக்கும் முன்கூட்டியே தெரியாது. விடை முன்பே தெரிந்த கேள்வியை விட்டுவிடுங்கள்.

யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கப் பணம் கட்ட வேண்டியதில்லை. 2001-இல் தொடங்கிய "கேம் ஸ்டடீஸ்" என்ற ஆய்விதழ் இணையத்தில் முழுக்க இலவசம். பால்புதுமையர் கதாபாத்திரங்களுக்கு டெம்பிள் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏட்ரியன் ஷா தொடங்கிய இணையத் தொகுப்பு இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் கிடைக்கும். இந்த மூன்றிலும் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும், பிறகு கேமுக்குப் போய்விடலாம்.

எந்த கேம், எங்கே சாட்சி

இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, நம் பிள்ளைகள் போனில் உண்மையிலேயே ஆடுவது. மற்றொன்று, பெண்மை பற்றி யோசிக்க வைக்கும் கேம். இரண்டாவது வகையை ஆடிப் பார்த்திருந்தால்தான் முதல் வகையில் எதைப் பார்ப்பது என்று தெரியும்.

சாட்சி எந்த இடத்தில் கிடைக்கிறது என்பதைக் கவனிக்கப் பழகுவதுதான் இந்தக் கட்டத்தின் முக்கியமான பாடம். 1986-இல் வந்த மெட்ராய்டில் சாமுஸ் என்ற வீரர் கவசம் போட்டுக்கொண்டு சண்டை போடுவார். ஆங்கிலக் கையேட்டில் ஆண்பாலில்தான் எழுதியிருந்தது. வேகமாக ஆடி முடித்தால் கடைசியில் கவசம் போய்விடும், உள்ளே பெண். இங்கே சாட்சி கேமின் கடைசித் திரையில் இருக்கிறது. அதுவும் ஆடியவருக்குத் தரும் பரிசு மாதிரி வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். 1988-இல் அமெரிக்காவில் வெளியான சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2-இல் பேர்டோ என்ற பாத்திரம் வரும். திரையில் தலை ரிப்பன் ஒன்றைத் தவிர எதுவும் தெரியாது. கையேட்டில் மட்டும், அவன் தன்னைப் பெண் என்று நினைத்துக்கொள்கிறான் என்று ஒரு வரி. இங்கே சாட்சி காகிதத்தில்.

2018-இல் வந்த செலஸ்ட் இன்னொரு மாதிரி. மலையேறும் மேடலின் ஒரு திருநங்கை என்று அதை உருவாக்கிய மேடி தோர்சன் 2020-இல் தானே எழுதினார். கேமுக்குள் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆக, திரை, கையேடு, உருவாக்கியவர் சொல், ஆடுகிறவர் சொல் என்று நாலு இடம் ஆகிறது. உங்கள் நோட்டில் ஒவ்வொரு குறிப்புக்குப் பக்கத்திலும் எந்த இடத்துச் சாட்சி என்று எழுதுங்கள். இதைக் கலந்துவிட்டால் வைவாவில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

உருவத்தை விட்டு வேலையைப் பாருங்கள்

எனக்கு இந்தத் துறையில் ஆகப் பிடித்த பகுதி இது. புதிதாக வருகிறவர்கள் பெண் பாத்திரத்தின் உடம்பையும் உடுப்பையும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். சினிமாவுக்கு அது ஓரளவு பொருந்தும். கேமில் நம் விரல் வேலை செய்கிறது. அந்தப் பாத்திரமாக இருக்கும்போது கேம் நம்மை என்ன செய்யச் சொல்கிறது, எதைச் செய்ய விடவில்லை? பெண்மை அங்கே ஒளிந்திருக்கிறது.

வெண்பா என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். டொரண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது, அடுத்த வருஷம் அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது பெற்றது. எண்பதுகளில் கனடா போய்ச் சேர்ந்த தமிழ்ப் பெண் வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். அம்மா கொடுத்துவிட்ட சமையல் நோட்டு கிழிந்தும் கறைபட்டும் இருக்கும். அழிந்த வரியில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து இட்லி ஊற்றி எடுக்க வேண்டும். துப்பாக்கி இல்லை, நேரக் கெடு இல்லை. தப்பாகப் போனால் திரும்பச் செய்யலாம்.

இதை என் மாணவர்களோடு உட்கார்ந்து ஆடியபோது, சமையல் தெரிந்த பெண்களுக்குப் புதிர் சட்டென்று விடுபட்டது. இட்லித் தட்டைத் தொட்டே பார்க்காத ஒரு பையன் வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தான். அம்மாவின் கையில் இருக்கும் அறிவுதான் அங்கே திறமை, குறிபார்த்துச் சுடுவது அல்ல. பிறகு மகன் வளர்ந்து தானே சமைக்க முயலும் கட்டம் வரும், அப்போது ஆடுகிறவர் கை மகனுடைய கை. வேலை அதே வேலை. அது இன்னும் பெண்மைதானா? இந்த ஒரு கேள்வியிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது.

புனேயின் நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-இல் வெளியிட்ட ராஜி என்ற கேமையும் சேர்த்துப் பாருங்கள். சர்க்கஸில் வளர்ந்த பெண் அசுரர்களோடு மோதுகிறாள், தம்பியை மீட்பதற்காக. சண்டை போடுகிறவள்தான், ஆனால் அக்காவாக. வெண்பா அம்மாவாக. உறவைச் சொல்லாமல் ஒரு பெண்ணைக் கதைக்குள் கொண்டுவர நம்மவர் உருவாக்கும் கேம்கள் தயங்குகின்றனவா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இரண்டு கேமை வைத்து அதை முடிவாகச் சொல்ல முடியாது, யாராவது எடுத்துச் செய்தால் மகிழ்ச்சி.

போன் கேமிலும் இதே கண்ணோடு பாருங்கள். ஃப்ரீ ஃபயரில் கெல்லி என்ற ஓட்டக்காரப் பெண் உண்டு, அவள் திறமை வேகம். அந்தத் திறமையைக் கழற்றி ஓர் ஆண் பாத்திரத்துக்குச் சேர்த்துக்கொள்ள முடியும். உடம்பு வேறு, திறமை வேறு என்று கேமே பிரித்துவிட்டது. அப்படிப் பிரித்த பிறகு பெண் உருவத்துக்கு என்ன மிச்சம்? உடுப்பும் குரலும் நடன அசைவும்தான். அந்த மிச்சத்தைத்தான் டயமண்ட் என்ற கேம் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஒரே உடுப்பை ஆண் உருவத்திலும் பெண் உருவத்திலும் போட்டு இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அடுத்தடுத்து வையுங்கள். எங்கே துணி குறைகிறது, எங்கே இடுப்பு ஒடுங்குகிறது என்று கண்ணுக்கே தெரியும். தேதியையும் வெர்ஷன் எண்ணையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த அப்டேட்டில் அந்த உடுப்பே காணாமல் போகலாம். இன்னொன்று, இந்தியாவில் ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டது. இப்போது பிள்ளைகள் ஃப்ரீ ஃபயர் என்று சொல்வது பெரும்பாலும் ஃப்ரீ ஃபயர் மேக்ஸை. ஆய்வேட்டில் சரியான பெயரைப் போடுங்கள்.

எண்ணுவது

எண்ணிக்கை வேண்டும் என்று நெறியாளர் கேட்டால், எக்செல் தாளில் பாத்திரத்துக்கு ஒரு வரி என்று தொடங்குங்கள். ஆணா, பெண்ணா, சொல்லப்படவில்லையா, யாரைக் காப்பாற்றுகிறார், யாரால் காப்பாற்றப்படுகிறார், எத்தனை வரி பேசுகிறார். பேச்சை எண்ணுவது மிகவும் பயன்படும். பிரிட்டனில் ஸ்டெஃபனி ரென்னிக்கும் ஷான் ராபர்ட்ஸும் மற்றவர்களும் 50 ரோல்-பிளேயிங் கேம்களின் (ஒரு பாத்திரமாக இருந்து கதைக்குள் ஆடுபவை) வசனத்தை மொத்தமாக எடுத்து, 13,000-க்கும் மேற்பட்ட பாத்திரங்களை எண்ணி 2023-இல் வெளியிட்டார்கள். ஆண்கள் பேசுவது பெண்கள் பேசுவதைப் போல இரண்டு மடங்கு. உடுப்பைப் பற்றிச் சண்டை போடலாம், இது வெறும் சொல் கணக்கு, மறுக்க முடியாது.

ஆனால் "கவர்ச்சியாக இருக்கிறாள்" என்று ஒரு கட்டம் போட்டால் அது உங்கள் கண். ஆகவே இரண்டு பேர் தனித்தனியாகக் குறிக்க வேண்டும், முடிந்தால் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். 50 பாத்திரத்தில் 41-க்கு இருவரும் ஒரே பதில் எழுதியிருந்தால் 82 சதவீதம் ஒத்துப்போகிறது. காசு சுண்டிப் பார்த்தாலே பாதி ஒத்துப்போகுமே என்று கேட்பார்கள், அதற்காகத்தான், தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் பார்க்கும் கோஹன் கப்பா என்ற கணக்கு. ஒத்துப்போகாத அந்த 9-ஐத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏன் இருவர் கண்ணும் வேறுபட்டது என்று பேசி எழுதுங்கள், சுவையான விஷயம் அங்கேதான் கிடைக்கும்.

ஆடுகிறவர் பக்கத்தில் உட்காருவது

நாள் பார்த்துப் போங்கள். குறுவை அறுப்பு நேரத்தில் வீட்டில் யாரும் நின்று பேச மாட்டார்கள். மே மாத லீவில் போன் பிள்ளைகள் கையில் இருக்கும்.

முதல் முறை ஒரு பெண்ணுக்குப் பின்னால் நோட்டோடு உட்கார்ந்தேன். அவள் ஆட்டமே மாறிவிட்டது. யாரையும் சுடாமல் ஓரமாக நடந்துகொண்டே இருந்தாள். அன்றிலிருந்து பக்கத்தில் உட்காருகிறேன், நோட்டை வெளியே வந்த பிறகுதான் எடுக்கிறேன், முதல் இரண்டு சந்திப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. என் குறிப்பு ஒன்று இப்படி இருக்கும் (லாபி என்பது ஆட்டம் தொடங்குமுன் காத்திருக்கும் திரை, ஸ்குவாட் என்பது நாலு பேர் அணி):

"மாலை 6.40. திண்ணை. போன் அண்ணனுடையது, ஐடியும் அண்ணன் பெயரில். பெண் உருவம், சிவப்பு ஜாக்கெட். லாபியில் மைக் ஆஃப். ஸ்குவாடில் வந்தவர் 'மச்சி ரஷ் போலாமா' என்கிறார். பதில் இல்லை, குறியீடு மட்டும் தட்டுகிறாள். 6.52. தெரியாமல் மைக் ஆன். 'இரு இரு' என்கிறாள். எதிர்ப்பக்கம் ஒரு நொடி அமைதி. பிறகு 'அக்கா, நீங்க பின்னாடி வாங்க.'"

மச்சி என்றவர் அக்கா என்கிறார், முன்னால் போகலாமா என்று கேட்டவர் பின்னால் வரச் சொல்கிறார். பெண் உருவம் முதலிலிருந்தே திரையில் இருந்தது, அதை யாரும் பொருட்படுத்தவில்லை. குரல் வந்ததும் பாலினம் வந்துவிட்டது. தமிழில் ஆய்வு செய்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. டேய், மச்சி, ப்ரோ, சிஸ்டர், அக்கா, வா, வாங்க ஆகிய விளிகளை வரிசையாக எழுதி வைத்தாலே யார் யாரை என்னவாக நினைக்கிறார்கள் என்று புரியும்.

இன்னொரு வசதியும் நம் மொழியில் இருக்கிறது. தமிழில் படர்க்கை வினைக்குப் பால் உண்டு, தன்மைக்கு இல்லை. "அவ செத்துட்டா" என்றால் பெண், "அவன் செத்துட்டான்" என்றால் ஆண். "நான் செத்துட்டேன்" என்றால் எதுவும் தெரியாது. பெண் உருவத்தோடு ஆடும் பையன் சாகும்போது எதைச் சொல்கிறான் என்று காது கொடுங்கள். ஆட்டம் சூடாக இருக்கும்போது "நான்", நின்று உடுப்பை மாற்றும்போது "இவளுக்கு இது நல்லாருக்கும்" என்று ஒரே ஆள் மாறி மாறிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எந்த இடத்தில் "நான்" போய் "இவள்" வருகிறது என்று நேரத்தோடு குறித்தால், கேள்வித்தாள் கொடுத்து வாங்கும் பதிலைவிட அது நம்பகமானது. "நீ ஏன் பெண் உருவம் எடுத்தாய்?" என்று நேராகக் கேட்டால் "சும்மா" என்பான்.

இங்கே கவனமாக இருங்கள்

பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்தும் பிள்ளையின் சம்மதமும் இரண்டும் வேண்டும். பெற்றோருக்குத் தரும் தாளில் "கேம் ஆடும் பழக்கம் பற்றிய ஆய்வு, கேமில் வரும் ஆண், பெண் உருவங்களைப் பற்றியும் பேசுவோம்" என்று நேராக எழுதுங்கள். பிள்ளையிடம் அவர் அடையாளத்தைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். சிலருக்கு அந்தப் பெண் உருவம்தான் தன்னைத் தானாகப் பார்க்கக் கிடைத்த ஒரே இடம். அவராகச் சொன்னால் கேளுங்கள். வீட்டுக்கோ வாத்தியாருக்கோ நண்பர்களுக்கோ அது உங்கள் வழியாகப் போகவே கூடாது. அது போனால் ஒரு பிள்ளை வீட்டை விட்டு வெளியேற நேரலாம், அதற்கு முன்னால் உங்கள் ஆய்வு ஒரு பொருட்டே இல்லை.

நம் பக்கத்தில் ஊர் பெயரும் தெருவும் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். "காவிரிக் கரை ஊர் ஒன்று" என்று மட்டும் எழுதுங்கள். ஸ்கிரீன் ரெக்கார்டிங்கில் ஐடி, ஸ்குவாடில் உள்ளவர்கள் பெயர், குரல் எல்லாவற்றையும் மறையுங்கள். ஸ்குவாடில் உள்ள மற்ற மூவரும் உங்களுக்குச் சம்மதம் தரவில்லை. யாராவது மனம் உடைந்து பேசினால் நோட்டை மூடிவிடுங்கள். 14416 டெலி-மனஸ் உதவி எண்ணையும் குழந்தைகளுக்கான 1098-ஐயும் ஒரு சீட்டில் எழுதிக் கையோடு வைத்திருங்கள்.

எழுதும்போது

தமிழில் எழுத உட்கார்ந்ததும் ஒரு சிக்கல் வரும். சாமுஸ் குதித்தாளா, குதித்தானா? கவசம் கழன்ற பிறகு ஆடியவருக்குத் தெரிந்தது, அதற்கு முன்னால் தெரியாது. நான் கடைசித் திரை வரைக்கும் "குதித்தார்" என்று எழுதி, அதற்கான காரணத்தை முதல் அத்தியாயத்தில் சொல்லிவிடச் சொல்வேன். ஆண், பெண் என்ற இரண்டில் அடங்காத பாத்திரத்துக்கும் "அவர்" பொருந்தும். மனிதர்களுக்கு, அவரவர் தன்னை எப்படிச் சொல்லச் சொல்கிறாரோ அப்படி.

எழுதி முடித்ததும், நெறியாளரிடம் கொடுப்பதற்கு முன்னால், உங்களோடு உட்கார்ந்து ஆடியவர்களிடம் அவர்களைப் பற்றிய பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். அந்தத் திண்ணைப் பெண்ணிடம் நான் படித்துக் காட்டினேன். "கூரையிலிருந்து அவள் விழுந்து செத்தாள்" என்ற வரியில் நிறுத்தச் சொன்னாள். "நான் அப்படிச் சொல்லலையே அக்கா. நான் விழுந்துட்டேன்னுதானே சொன்னேன்." ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டோம். அவள் சொன்னதுதான் சரி. அந்த ஒரு சொல்லைத் திருத்திவிட்டு, மற்ற எல்லாரின் பதிவுகளையும் முதலிலிருந்து திரும்பக் கேட்க ஆரம்பித்தேன்.